எண்பது ஆண்டுகளை யார் படம்பிடிப்பது?

வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வசிக்கிறேன். 2023 ஜனவரி 30 அன்று, இம்மாவட்டத்தின் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் ஆட்சியர் முன்னிலையில், காவல் துறைப் பாதுகாப்புடன் நுழைந்தனர். ஏறத்தாழ 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட உரிமை அது. தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்தக் காட்சியை நாடெங்கும் கொண்டுசேர்த்தன. ஆனால், வெளியே நின்ற 80 ஆண்டுகள் அந்தக் காட்சிகளில் இல்லை.

ஒருநாள் நிகழ்வைச் செய்தி பதிவுசெய்துவிடும். அதற்கு முந்தைய வாழ்வை அதை வாழ்ந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும். முழுநீளப் படமென்றால் முதலீட்டாளர், விநியோகஸ்தர், திரையரங்கம் என்று வாசலுக்கு வாசல் அனுமதி தேவை. அவை திறக்காதவர்களுக்குக் குறும்படமே முதல் வழியாக இருந்துவந்திருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இவ்வழியில் முன்னே நடந்தவர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் திரைக்கலை பயின்ற ஜூலி டேஷ், 1982-இல் ‘இல்யூஷன்ஸ்’ என்ற 34 நிமிடப் படத்தை எடுத்தார். 1940-களின் ஹாலிவுட்டில், திரையில் தோன்றும் வெள்ளை நடிகைக்காக ஒரு கறுப்பினப் பெண் மறைவில் நின்று பாடுகிறாள். குரல் வேண்டும், முகம் வேண்டாம் என்ற தொழிலின் நியாயத்தை அந்த ஒரு காட்சியே அம்பலப்படுத்திவிடுகிறது.

நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் வடார் சமூகத்தில் பிறந்த நாகராஜ் மஞ்சுளேயின் ‘பிஸ்துல்யா’, பள்ளிக்குச் செல்ல ஏங்கும் சிறுவனைப் பற்றிய சிறிய படம். 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ‘ஃபன்றி’, ‘சைராட்’ ஆகியவை அதற்குப் பின் வந்தவை.

எடுப்பதோடு வேலை முடிவதில்லை, பாதுகாக்கவும் வேண்டும். மலையாளத்தின் முதல் கதாநாயகியான பி.கே.ரோஸி, தலித் பெண். மேல்சாதிப் பெண்ணாக நடித்ததற்காக ஊரைவிட்டே துரத்தப்பட்டார். அவர் நடித்த ‘விகதகுமாரன்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. விழாவில் பெயர் வாழ்கிறது. நடிப்பைப் பார்க்க வழியில்லை.

அண்மையில், எங்கள் தெருவில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர், தாம் எடுத்த 12 நிமிடப் படத்தைச் செல்பேசியில் காட்டினார். தேர் தம் தெருவுக்கு வராது என்று தெரிந்தும், திருவிழாதோறும் வாசலில் கோலமிட்ட கதையை அவருடைய பாட்டி சொல்கிறார். பாட்டி இப்போது இல்லை. படத்துக்கு வேறு பிரதி உண்டா என்று கேட்டேன். “இதில் மட்டும்தான் சார்” என்றார். அதன் திரையில் ஏற்கெனவே ஒரு விரிசல்.

மாவட்ட நூலகங்கள் இத்தகைய படங்களைக் கேட்டு வாங்கி, எடுத்தவரின் ஒப்புதலுடன் பிரதியெடுத்துப் பாதுகாக்கலாம். மாதம் ஒரு மாலை திரையிடலாம். ஒரு கணினியும் சில வன்தட்டுகளும், பொறுப்பேற்க ஓர் அலுவலரும் போதும். நூல்களைச் சேர்த்துவைப்பது அரசின் கடமை என்று ஏற்றுக்கொண்ட சமூகத்துக்கு இது புதிய கோரிக்கை அன்று. அதுவரை காத்திராமல், அன்று மாலையே அந்த மாணவரின் படத்தை என் கணினியில் ஒரு பிரதி எடுத்துவைத்தேன்.