நீர்ப்பிடிப்புப் பகுதியில் மோட்டார் படகைக் கையாளும் முறை

பவானிசாகர் அணையின் முழுக் கொள்ளளவு 105 அடி. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் நீர்மட்டம் 100 அடியைத் தாண்டியபோது, சிறுமுகையை அடுத்த லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையே காந்தையாற்றின் மீதிருந்த பாலம் நீருக்குள் போய்விட்டது. காந்தவயல், காந்தையூர், உளியூர் மக்கள் பரிசலையும் மோட்டார் படகையும் நம்பிப் போய்வர வேண்டியதாயிற்று. விளைபொருளும் பள்ளிப் பிள்ளைகளும் படகில்தான் வந்தாக வேண்டும். பின்னர் உயர்மட்டப் பாலப் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. பாலம் எத்தனை வந்தாலும், அணை ஓரத்தில் நிலம் வைத்திருப்போரும் மீன் பிடிப்போரும் படகை விட்டுவிட முடியாது.

ஆயில் என்ஜின் ஓட்டிப் பழகியவர்க்குப் படகு மோட்டாரைக் கிளப்புவது பெரிய வித்தையல்ல. திருப்புவதில்தான் தவறு நேர்கிறது. பரிசல்காரர் முன்பக்கம் இருந்து துடுப்பால் நீரை இழுக்கிறார். மாட்டுவண்டியும் முன்னால் இழுக்கப்படுவதே. மோட்டார் படகோ பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. ஆகவே வலப்புறம் போகவேண்டுமானால் மோட்டாரின் கைப்பிடியை இடப்புறம் தள்ள வேண்டும். டிராக்டரில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளியவர்களுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு விரைவில் பிடிபடும். முன்முனை வலப்புறம் திரும்பும்போது பின்பகுதி இடப்புறமாக அகலமாய் வீசும். கரையையோ மற்றொரு படகையோ ஒட்டித் திருப்புவோர் முன்முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பின்பகுதி மோதிவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். படகுக்கு பிரேக் கிடையாது. விசிறி சுழலும் வரைதான் படகு சொன்னபடி கேட்கும். பயந்துபோய் மோட்டாரை நிறுத்தினால் வேகம் உடனே அடங்காது, திருப்பும் வசதியும் போய்விடும். எனவே கரைக்கு ஐந்தாறு படகு நீளம் இருக்கும்போதே வேகத்தை மிகக் குறைத்து, காற்றும் நீரோட்டமும் எதிர்ப்பட வரும்படி அணுகுவது நல்லது. எதிர்க்காற்றே பிரேக்காக உதவும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றின் பலத்தை இப்பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலை எழும்போது படகின் பக்கவாட்டில் அதை வாங்கக் கூடாது. முன்முனையைச் சற்றுச் சாய்வாக அலைக்கு எதிரே வைத்து மெதுவாகச் செல்ல வேண்டும்.

பாரம் ஏற்றுவதில் கவனக்குறைவு அதிகம். தார் ஒன்று 12 கிலோ என்று கொண்டால் 20 தார்கள் 240 கிலோ. நான்கு ஆட்களின் எடை. தார்களை அடித்தட்டில், நடுவில், இரு பக்கமும் சமமாக அடுக்க வேண்டும். அடுக்கின் மேல் ஆட்கள் உட்காருவது படகைக் கவிழ்க்கும் வழி. நீர்மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். ஒரு சாணுக்கும் குறைந்தால் கிளம்பவே கூடாது. பாதி வழியில் எவரும் எழுந்து நிற்கக் கூடாது. உயிர்காப்புச் சட்டை படகின் மூலையில் கிடந்தால் பயனில்லை; ஏறும்போதே அணிய வேண்டும்.

தண்ணீருக்கு அடியில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. நீர் வடிந்த நிலத்தில் வாழை வைத்தவர்கள், நீர் திடீரென ஏறும்போது முட்டுக்கம்புகளையும் வேலிக் கம்பிகளையும் அப்படியே விட்டுவிடுவதுண்டு. பாலத்தின் கைப்பிடிச் சுவரும் நீருக்குள் மறைந்திருக்கலாம். கோடையில் நீர் இறங்கியிருக்கும்போதே படகு போகும் தடத்தை நடந்து பார்த்து, கட்டைகளை அகற்றி, மிதவை கட்டி அடையாளம் வைப்பது ஒரு நாள் வேலை. ஆழமற்ற இடத்தில் மோட்டாரைச் சற்றுத் தூக்கிவிட்டுத் துடுப்பால் தள்ளிச் செல்லலாம்.

ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றினால் மோட்டாரை அணைத்த பிறகே கையை வைக்க வேண்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் நீர் பின்பக்கத் துளையில் பீய்ச்சி வருகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அது நின்றால் களை அடைத்திருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் என்ஜின் சூடேறிப் பழுதாகும்.

யாரேனும் நீரில் விழுந்துவிட்டால் அவர் விழுந்த பக்கமே முன்முனையைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் விசிறி அவரை விட்டு விலகும். சுற்றி வந்து அருகில் சேரும்போது மோட்டாரை அணைத்துவிட்டுக் கயிற்றை வீச வேண்டும். ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் நிறுத்துகயிறு மோட்டாருடன் வந்திருந்தால் அதைக் கழற்றி வைக்க வேண்டாம். ஓட்டுபவரே தடுமாறி விழுந்தாலும் மோட்டார் தானே அணைந்துவிடும்.

சிறு மோட்டார்கள் சிலவற்றில் விசிறியை அச்சோடு இணைக்க ஒரு மெல்லிய ஊசி உண்டு. கட்டையில் மோதினால் விசிறிக்குப் பதில் அது முறியும். மாற்று ஊசி இரண்டு, அதைப் பொருத்தும் கருவி, நீண்ட கயிறு, இரண்டு துடுப்பு ஆகியவை படகிலேயே இருக்கட்டும்.