பின் இருக்கை ஆசிரியர்

இந்திய விமானப் படையில் தேஜஸோ சுகோயோ சரக்கு விமானமோ ஹெலிகாப்டரோ ஓட்டுகிற ஒவ்வொருவரும் யாரோ ஒரு பயிற்றுநரிடம் கற்றவர். அந்தப் பயிற்றுநர் தாம்பரத்தில் கற்றவராகவே இருப்பார். பறக்கத் தெரிந்த விமானிக்கு, பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. விருத்தாசலம் சந்திப்பில் ஏறி எழும்பூர் போகிறவர்கள் கடந்து செல்லும் அதே தாம்பரம்தான். தண்டவாளத்துக்குக் கிழக்கே, வீடுகளுக்கு மேல் வட்டமிடும் சின்னஞ்சிறு விமானங்களில் பின் இருக்கையில் அமர்ந்திருப்பவர், நாளை இன்னொருவரை விமானியாக்கப் போகிறவர்.

விருத்தாசலத்தை வெளியூரார் பழமலைநாதர் கோயிலுக்கும் பீங்கானுக்கும் அறிவார்கள். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று சூளையிலிருந்து வெளிவரும் சரக்கு இந்த ஊரின் அடையாளம். இந்த வட்டாரத்துக்கு வானத்தோடு உள்ள பழைய உறவோ சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி உளுந்தூர்பேட்டையில் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்பார்த்து ஆங்கிலேயர்கள் தமிழகம் முழுக்க ஓடுதளங்கள் போட்டார்கள்: சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சூலூர், தஞ்சாவூர். போர் முடிந்ததும் ஒவ்வொன்றின் விதியும் ஒவ்வொரு பக்கம் போனது. சோழவரத்தில் மோட்டார் பந்தயம் ஓடியது. உளுந்தூர்பேட்டை தூங்கிவிட்டது. சூலூரும் தஞ்சாவூரும் படைத்தளங்களாயின. தஞ்சையில் 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணை ஏந்தும் சுகோய் படைப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. சூலூருக்குத் தேஜஸ் படைப்பிரிவுகள் வந்தன. சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவின் வீடும் அதுவே.

விமானப் படை விமானியாக வாசல்கள் சில உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிப்பவருக்கு, ஆண்டுக்கு இரு முறை மத்தியத் தேர்வாணையம் நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழக) தேர்வு. கணிதத்துக்கு 300, பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600, பிறகு நேர்முகத் தேர்வு வாரியத்துக்கு 900 மதிப்பெண். பட்டம் முடித்தவருக்கு 20 முதல் 24 வயதுக்குள் விமானப் படையின் ஏ.எஃப்.கேட். தேர்வு. 2022இலிருந்து என்.டி.ஏ.யில் பெண்களும் சேர்கிறார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. விருத்தாசலத்தில் தமிழ் வழியில் படித்த மாணவருக்குக் கணிதம் தடையல்ல. கணக்கைக் கேட்கும் மொழிதான் தடை. அதைவிடப் பெரிய தடை, இப்படி ஒரு தேர்வு இருப்பதே பதினேழு வயதில் காதில் விழாமல் போவது. சிற்றூர்களில் ‘ஏர்ஃபோர்ஸில் இருக்கிறார்’ என்றால் பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்த படைவீரரைத்தான் நினைக்கிறார்கள். அதிகாரியாக, விமானியாகச் சேரும் வழி தனி என்பதைப் பள்ளிக்கூடத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962இலிருந்து இயங்கும் சைனிக் பள்ளி இதற்கென்றே பிள்ளைகளைத் தயார் செய்கிறது. ஆனால் அங்கே ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சேர்ந்துவிட வேண்டும்.

எழுத்துத் தேர்வு வெறும் சல்லடை. உண்மையான தேர்வு, மைசூரு போன்ற ஊர்களில் உள்ள தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் நடப்பது. முதல் நாள் மங்கலான படம் ஒன்றைக் காட்டிக் கதை எழுதச் சொல்கிறார்கள். பிறகு அதைப் பற்றிக் குழுவாகப் பேச வேண்டும். தேறாதவர்கள் அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மீந்தவர்களுக்கு உளவியல் தேர்வு: 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் தோன்றியதை வாக்கியமாக எழுத வேண்டும். மைதானத்தில் கயிறும் பலகையும் பீப்பாயும் கொடுத்துத் தடையைக் கடக்கச் சொல்கிறார்கள். யார் தலைமை தாங்குகிறார், யார் அடுத்தவர் யோசனையைக் காதில் வாங்குகிறார் என்பதை ஒருவர் ஓரமாக நின்று குறித்துக்கொள்வார். இங்கே பயிற்சி மையங்கள் சொல்லித்தரும் மனப்பாடப் பதில்கள் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். ஒரே அச்சில் வார்த்த விடைகளைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள்.

இந்த வாரியத்தில் தோற்றவர்களில் மிகப் பெரிய பெயர் ஒரு தமிழருடையது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த அப்துல் கலாம், விமானியாகும் ஆசையோடு டேராடூன் தேர்வு வாரியத்துக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை. 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், நாட்டின் குடியரசுத் தலைவராக அவர் புணேயில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார்.

விமானிப் பிரிவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கணினித் திரையும் கைப்பிடியும் மிதிகளும் கொண்ட பெட்டிக்குள் உட்கார்ந்து, கை ஒன்றைச் செய்யக் கால் வேறொன்றைச் செய்ய, காதில் கேட்கும் கட்டளைக்கும் பதில் சொல்ல வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புத்தான். தோற்றவர் படையின் மற்றப் பிரிவுகளுக்குப் போகலாம். விமானியாக மறுபடி முயல முடியாது. கொடுமையாகத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது: பழகிப் பழகித் தேறுவதையல்ல, இயல்பாக இருக்கும் ஒருங்கிணைவையே அது அளக்கிறது.

அடுத்தது உடல். குறைந்தபட்ச உயரம் 162.5 சென்டிமீட்டர். கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள், தொடை நீளம் 64க்கு மிகாமல். தொடையை எதற்கு அளக்கிறார்கள் என்று இளைஞர்கள் சிரிப்பதுண்டு. ஆபத்தில் இருக்கையோடு விமானி வெளியே வீசப்படும்போது, தொடை நீண்டிருந்தால் முழங்கால் முன்பலகையில் மோதி நொறுங்கும். நிறக்குருடு இருந்தால் வழியே இல்லை. அறிவும் துணிவும் குறையாத எத்தனையோ பேர் ஓர் அங்குல அளவில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

என்.டி.ஏ. வழியாக வருபவர் கடக்வாஸ்லாவில் உள்ள அந்தக் கல்விக்கழகத்தில் மூன்றாண்டு படித்துவிட்டு, பட்டதாரியாக வருபவர் நேரடியாக, ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப் படைக் கல்விக்கழகத்தில் சேர்கிறார். அங்கே முதலில் ஏறுவது பிலாட்டஸ் பி.சி.-7 விமானம். முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர். ஏறுவதற்கு முன்பே இயந்திரக் கோளாறுக்கான நடவடிக்கைகள் எல்லாம் வரிசை தப்பாமல் வாயில் வர வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டால் விமானி அறையின் ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுக் காட்ட வேண்டும். ஏறுதல், திரும்புதல், வட்டமடித்து இறங்குதல் என்று நாள்தோறும் நடக்கும். ஒரு காலை, எதிர்பாராத நேரத்தில், ஆசிரியர் இறங்கிக்கொண்டு தனியாகப் போய்வரச் சொல்வார். ‘சோலோ’ எனப்படும் அந்தப் பயணம் ஒரே ஒரு சுற்றுதான். பின்னால் குரல் இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகுதான் மாணவரை அங்குள்ளவர்கள் தங்களில் ஒருவராகப் பார்க்கிறார்கள். விதித்த நேரத்துக்குள் சோலோ போகத் தேறாதவர் பறத்தலிலிருந்து விலக்கப்படுகிறார்.

முதல் கட்டம் முடிந்ததும் தரமும் படையின் தேவையும் பார்த்துப் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிக்கிறார்கள். போர் விமானம் கிடைக்காதவர் முகம் வாடுவது வழக்கம். அந்த வாட்டத்தில் நியாயம் குறைவு. வெள்ளத்தில் மொட்டை மாடியிலிருந்து மனிதரைத் தூக்குவதும், சியாச்சினில் கையளவு இடத்தில் இறங்குவதும் ஹெலிகாப்டர் விமானியின் வேலை. மூன்று பிரிவாரும் இறுதியில் துண்டிகல் அணிவகுப்பில் நெஞ்சில் சிறகுச் சின்னம் அணிந்து ஃப்ளையிங் ஆஃபீசர் ஆகிறார்கள். போர் விமானிகள் அதன்பின் கர்நாடகத்தின் பீதருக்கு, ஹாக் ஜெட் பயிற்சிக்குப் போகிறார்கள்.

அந்த ஹாக் வந்த கதை பயிற்சியின் அருமையைக் காட்டுகிறது. முன்பெல்லாம் மெதுவான கிரண் விமானத்தில் கற்ற இளைஞர் அடுத்த படியாக மிக்-21க்குத் தாவ வேண்டியிருந்தது. மிக் தரையிறங்கும் வேகமே கிரண் விமானிக்குப் புதிது. இடையில் ஒரு ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று ஏர் மார்ஷல் லா ஃபான்டெய்ன் தலைமையிலான குழு 1982இலேயே சொன்னது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். முதல் ஹாக் பீதரில் படையில் சேர்ந்தது 2008இல். இருபத்தாறு ஆண்டுத் தாமதத்தின் விலையை இளம் விமானிகளே கொடுத்தார்கள். மிக்-21 கடைசியாக ஓய்வுபெற்றது 2025 செப்டம்பர் 26 அன்று.

சில ஆண்டுகள் படைப்பிரிவில் பறந்து தேர்ந்தவர்களில் சிலர் தாம்பரத்துக்கு மாணவராகத் திரும்புகிறார்கள். இங்கே கற்பது இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வது. கை விமானத்தை ஓட்டும். வாய் அந்தக் கணத்தில் கை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று பிசகாமல் விளக்கும். இந்த விளக்கவுரையை விமானிகள் ‘பேட்டர்’ என்கிறார்கள். சொல் முந்தினாலும் பிந்தினாலும் மாணவர் குழம்புவார். இன்னும் கடினமானது, மாணவர் தவறு செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. தவறு அவருக்கே உறைக்கும்வரை பொறுக்க வேண்டும். அது ஆபத்தாகும் முன் கைப்பிடியைப் பிடித்தாக வேண்டும். பயிற்றுநரின் திறமை எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நட்பு நாடுகளின் விமானிகளும் இங்கே வந்து கற்கிறார்கள்.

படைப்பிரிவின் அன்றாடம் சினிமாவில் காட்டுவதுபோல் இருப்பதில்லை. விடியுமுன் வானிலை விளக்கம், பிறகு பயணத்திட்டம், பிறகு ஏறுதல். தொழில்நுட்பப் பணியாளர்கள் இரவெல்லாம் பார்த்துக் கையெழுத்திட்ட ‘ஃபார்ம் 700’ பதிவேட்டில் விமானி கையெழுத்திட்டால்தான் விமானம் அவர் பொறுப்பு. பறப்பது ஒரு மணி நேரம் என்றால், அதைப் பற்றிய விவாதம் இரண்டு மணி நேரம் நீளலாம். அந்த அறையில் பதவிக்கு மரியாதை உண்டு, சலுகை இல்லை. இளையவர் மூத்தவரிடம், ‘சார், திருப்பத்தில் நீங்கள் தாமதித்தீர்கள்’ என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். இந்திய அலுவலகங்கள் எதிலும் எளிதில் காணமுடியாத பழக்கம் இது.

உடல் படும் பாடு வேறு. கூர்மையான திருப்பத்தில் ஒன்பது மடங்கு ஈர்ப்பு விசை அழுத்தும்போது 65 கிலோ மனிதரின் எடை 585 கிலோவாகிறது. ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கி, முதலில் நிறம் மங்கி, பிறகு பார்வை போய், கடைசியில் நினைவும் தப்பும். தொடையையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் உடையும், தசைகளை முறுக்கி மூச்சை அடக்கிவிடும் பயிற்சியும் அதைத் தடுக்கின்றன. பெங்களூரு விமான-விண்வெளி மருத்துவ நிறுவனத்தின் சுழல் எந்திரத்தில் இதைப் பழகுகிறார்கள்.

விமானிக்குப் பின்னால் இயந்திரமும் அப்படியே வாட்டப்படுகிறது. விருத்தாசலத்துச் சூளைக்காரருக்கு விளங்கும் விஷயம் இது. ஜெட் எஞ்சினின் சுழலித் தகடுகளைச் சுற்றி ஓடும் வாயுவின் வெப்பம், அந்தத் தகட்டு உலோகம் உருகும் வெப்பத்தையே மிஞ்சும். உள்ளே ஓடும் குளிர்காற்றோடு, பாண்டத்தின் மேல் மெருகு பூசுவதுபோல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பூசிய ஸிர்கோனியா பீங்கான் படலம்தான் உலோகத்தைக் காக்கிறது.

ஆபத்து எதிரியிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஓடுதளத்தைச் சுற்றிக் கொட்டும் இறைச்சிக் கழிவு, விமானத்தில் மோதும் பருந்துகளை இழுக்கிறது. விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் கழிவு கொட்டக் கூடாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது. பருந்தைவிட நுட்பமான எதிரி மனிதக் காது. மேகத்துக்குள் விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் உள்காதின் திரவம் அமைதியாகி, நேராகப் போவதாகவே உணர்த்தும். உடல் சொல்வதை மறுத்துக் கருவி சொல்வதை நம்பப் பழகுவது பயிற்சியின் பாதி. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்கு ஏற்பட்ட திசைமயக்கமே காரணம் என்றது விசாரணை.

அதில் தனியாக உயிர் பிழைத்து ஒரு வாரம் போராடி இறந்த குரூப் கேப்டன் வருண் சிங், முந்தைய ஆண்டில் கோளாறான தேஜஸ் ஒன்றைப் பத்திரமாக இறக்கியதற்குச் சௌர்ய சக்ரா பெற்றவர். விருது கிடைத்ததும் தன் பழைய பள்ளிக்கு எழுதிய கடிதத்தில், தான் நடுத்தர மாணவனாகவே இருந்ததையும், எடுத்த வேலையில் முழு முயற்சி போட்டால் போதும் என்பதையும் சொல்லியிருந்தார். முதல் மதிப்பெண்ணே கதி என்று கிடக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர் அதைப் படிக்கலாம்.

விமானியின் குடும்பத்துக்கு இரண்டு மூன்றாண்டுக்கு ஒரு முறை இடமாற்றம் வரும். பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவிலிருந்து கேந்திரிய வித்யாலயாவுக்கு மாறுவார்கள். குடியிருப்பில் எல்லோர் வீட்டுக் கதவும் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஒரு விமானம் திரும்பத் தாமதித்தால் எல்லா வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகளை, சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் படம் பிடித்தது தெரியவந்தது 2024 ஜனவரியில். அதுவரை ஏழரை ஆண்டு அந்தக் குடும்பங்களுக்கு விடையே இல்லை. எல்லா விபத்தும் அப்படி முடிவதில்லை. 2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்திலிருந்து கிளம்பிய பி.சி.-7 திருப்போரூர் அருகே விழுந்தபோது விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார்.

சம்பளம் தொடக்கத்தில் 56,100 ரூபாய் அடிப்படை; மாதந்தோறும் பறத்தல் படியும் உண்டு. பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது என்பதை, தனியார் பள்ளிகளில் விமானி உரிமம் வாங்கப் பல லட்சம் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். குறுகிய காலப் பணியில் வந்தவர்கள் 14 ஆண்டில் வெளியேறி, தேர்வெழுதி உரிமம் பெற்றுப் பயணிகள் விமானங்களுக்குப் போகிறார்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர்களில் மிகச் சிலர் பெங்களூரில் சோதனை விமானியாகப் பயிற்சி பெறுகிறார்கள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் அப்படி வந்தவர்கள். அவர்களில் ஒருவரான சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், பயிற்றுநராகவும் தகுதி பெற்றவர்.