மைவாடியில் சுழலும் ஓடந்துறைக் காற்றாலை

ஓடந்துறை ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு காற்றாலை இருக்கிறது. ஊருக்குள் தேடினால் கிடைக்காது. ஊர் இருப்பது மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி அடிவாரத்தில். காற்றாலை நிற்பதோ ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். முதன்முதலாகக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கணக்கைச் சொன்னதும் அடங்கிவிடும்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் ஆர். சண்முகம் ஓடந்துறையின் தலைவரானார். குடிநீர்தான் முதல் வேலை. பவானி ஆற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, சுத்திகரித்து, குழாயில் விட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. கூடவே கரண்ட் பில்லும் ஏறியது. நல்லது செய்யச் செய்ய ஊராட்சியின் கையைக் கடித்தது. இந்த இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பார்கள், இல்லையென்றால் மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நடப்பார்கள்.

சண்முகம் பில்லையே கையில் எடுத்துக்கொண்டார். சில குக்கிராமங்களின் தெருவிளக்குகள் சூரிய ஒளிக்கு மாறின. தண்ணீர் மோட்டாருக்கு, மரத்துண்டுகளை அரைகுறையாக எரித்து அந்த வாயுவில் ஓடும் 9 கிலோவாட் இயந்திரம் வந்தது. பில் இறங்கியது. ஆனாலும் அது செலவுக் கணக்குதானே?

அடுத்த அடிதான் அசல் துணிச்சல். கோவை, திருப்பூர் மில்காரர்களுக்கு ஒரு வழி நீண்ட காலமாகவே பழக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சீறி வரும் இடத்தில் காற்றாலையை நிறுத்துவார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, தங்கள் மில் பில்லில் கழித்துக்கொள்வார்கள். மின்சாரம் ஓரிடம், கணக்கு ஓரிடம். மில் முதலாளிக்குச் சரிப்படும் இந்த வழி, ஊராட்சிக்கு மட்டும் ஏன் சரிப்படாது?

2006-ல் ஓடந்துறை 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். மானியம் வாங்கியே பழகிய ஓர் அமைப்பு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டது. காற்றாலையைவிட எனக்கு இந்தக் கையெழுத்துதான் பெரிதாகப் படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட் அளவுதான். மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். பில் கட்டிக்கொண்டிருந்த ஊர், வாரியத்துக்கு பில் போட்டது.

எல்லாக் கற்பனைக்கும் இப்படிக் கைதட்டல் கிடைப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் அதே 1996-ல் தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி. வேதிப் பொறியாளர், ஓர் ஆய்வகத்து வேலையை விட்டுவிட்டு சொந்த ஊருக்கு வந்தவர். கழிவுநீர்க் கால்வாய் கட்ட, பக்கத்துத் தொழிற்சாலையில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்தினார். கால்வாய் உறுதியாக வந்தது, மதிப்பீட்டைவிடச் செலவும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மதிப்பீட்டில் எழுதியிருந்த பொருள் வேறு! விதி மீறல் என்று அவரைப் பதவி நீக்கம் செய்தார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்ற பிறகே பதவி திரும்பியது. மிச்சம் பிடித்ததற்குத் தண்டனை வாங்கிய தலைவர் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

அதே இளங்கோ இரட்டை வீடுகள் கட்டினார். நடுச்சுவர் ஒன்று, ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். அங்கே ஒரு வீட்டு அம்மி சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்காது. தெருவைத் தள்ளி வைத்தே ஊர் கட்டிய நமக்கு இந்தச் சுவரின் அருமை புரியும்.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. இந்த இரண்டு பெயர்களையே இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தலைவர்களுக்கு மூளை இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. 2016 அக்டோபரில் அவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, தேர்தலே நடக்காமல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கோப்புகள் நகரத்தான் செய்தன. ஆனால் அடுத்த மாற்றல் உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒருவர், ஊர்ப் பெயரில் ஒரு கோடி கடன் வாங்கி, நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காற்றாலையை நிறுத்தும் யோசனையை எதற்காக மண்டையில் ஏற்றிக்கொள்வார்? கடன் தவணை வரும்போது ஊர்க்காரர்கள் வந்து கேட்கும் வீடு அவருடையது இல்லையே.