மறிச்சுக்கட்டியில் ஒரு முத்து நகரம்

ஜப்பானில் ஹாஷிமா என்றொரு சின்னத் தீவு. கடலுக்கடியில் நிலக்கரி வெட்டுவதற்காகவே அங்கே ஓர் ஊரை எழுப்பினார்கள். 1974-ல் சுரங்கத்தை மூடினார்கள். சில மாதங்களுக்குள் கடைசிக் குடும்பமும் படகேறிவிட்டது. நமீபியாவின் கடலோரப் பாலைவனத்தில் வைரம் எடுத்த கோல்மன்ஸ்கோப் ஊரின் வீடுகளுக்குள் இன்று முழங்கால் வரை மணல். இந்த ஊர்களின் படங்களை நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்து வியக்கிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கும் அப்படி ஒரு நகரம் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த நகரத்தின் சுரங்கம் கடலுக்குள் கிடந்தது. அதில் இறங்கியவர்களில் பலர் நம் கரையின் ஆட்கள்.

நான் கீழவைப்பார்க்காரன். வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் எங்கள் ஊர், ஒட்டினாற்போல் சிப்பிகுளம். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பாறு என்று பரதவர்களின் ஏழு கடற்துறைகளை வரிசையாகச் சொல்லும்போது எங்கள் பெயரும் அதில் வரும். அப்பா முத்தும் குளித்தவர், சங்கும் குளித்தவர். "எதிர்க்கரையில சலாபம் நடந்தா இங்க ஆம்பள இருக்க மாட்டான்" என்று அவருடைய அப்பா சொன்னதை அடிக்கடி சொல்வார். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. எதிர்க்கரை என்றால் இலங்கையின் மன்னார்ப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே கடலைத் தாண்டினால் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. தாத்தா தோணியில் போன இடத்துக்கு நான் விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து பஸ் பிடித்து மன்னார் சென்று, சுற்றி வளைத்துத்தான் போய்ச் சேர்ந்தேன்.

முத்து நகரம் என்றதும் கோட்டை கொத்தளம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஓலையும் கம்பும் சேர்ந்த நகரம். கடலடியில் பாறைத் தட்டாகப் பரந்து கிடக்கும் இடத்தை நாங்கள் பார் என்போம். கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பி ஒட்டி வளரும். இலங்கை அரசாங்கத்தார் முன்கூட்டியே பாரைப் பார்வையிட்டு, கொஞ்சம் சிப்பியை எடுத்து, அதிலிருந்த முத்தை விலை மதிப்பார்கள். கட்டுப்படியாகும் என்று தெரிந்தால் அறிவிப்பு வரும். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன் கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனியில் சலாபம். அதுவரை முள்செடியும் மணலுமாகக் கிடந்த மறிச்சுக்கட்டிக் கரையில் சில வாரங்களுக்குள் தெருக்கள் போடப்படும். கச்சேரி, நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, தபால் தந்தி அலுவலகம், வங்கி எல்லாம் வந்துவிடும். இருபதாயிரம் பேருக்குக் குறையாமல் கூடுவார்கள். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம், யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடாவின் அரபு நாடு என்று பல கரைகளிலிருந்து குளியாட்கள், பம்பாயிலிருந்து வணிகர்கள், நகரத்தார் கடைகள், கள்ளுக்கடை, சூதாட்டம், பிச்சைக்காரர்கள், பாம்பாட்டிகள். ஏப்ரல் கடைசியில் எல்லாரும் போய்விடுவார்கள். ஓலை மட்டும் காற்றில் அடித்துக் கொண்டிருக்கும்.

அங்கே வேலை நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாருக்குப் போகும். விடிந்து அடையாளம் கொடுத்ததும் குளி தொடங்கும். குளியாள் ஒரு கனத்த கல்லின் மேல் காலை வைத்து, கயிற்றைப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குவான். அரபுக்காரர்கள் மூக்கில் கொம்பாலான கவ்வி மாட்டுவார்கள். நம் ஆட்கள் கையாலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அடியில் ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனால் இன்னும் சில விநாடி. அதற்குள் சிப்பியை அரித்து இடுப்பு வலையில் போட்டுக் கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுத்துத் தூக்குவார். அந்த ஆள் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கரையில் வழங்கும் பேச்சு; தங்கச்சி தாலியை நினைத்தாவது மச்சான் கயிற்றை விடமாட்டான் அல்லவா? சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது. மந்திரக்காரர் இல்லாவிட்டால் குளியாள் இறங்கமாட்டான் என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

மதியம் கடற்காற்று எழுந்ததும் தோணிகள் கரை திரும்பும். சிப்பி முழுவதும் கொட்டு எனப்படும் வேலி போட்ட கொட்டகைக்குப் போகும். அங்கே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவனுக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்று! அன்றிரவே அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சிப்பியைத் திறக்காமலே வாங்க வேண்டும். உள்ளே முத்து இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலான சிப்பியில் இருக்காது.

வாங்கியவர்கள் அதைக் குவித்து அழுகவிட்டார்கள். சதை கரைந்து, புழு தின்று, ஓடு மிஞ்சிய பிறகு பல தண்ணீரில் அலசினால் அடியில் முத்துத் தங்கும். கோடிக்கணக்கான சிப்பி ஒரே கரையில் அழுகினால் எப்படி இருக்கும்? 1906-ல் அங்கே கொட்டு மேற்பார்வையில் வேலை பார்த்த லெனார்டு வூல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவரானவர், அந்த நாற்றத்தையும் ஈயையும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த அனுபவத்தை வைத்து ஒரு சிறுகதையும் எழுதினார்.

அலசி எடுத்த முத்தைச் சலிக்கப் பத்துப் பித்தளைப் பெட்டிகள் உண்டு. முதல் பெட்டியில் இருபது துளை, கடைசிப் பெட்டியில் ஆயிரம். பெரிய துளையில் தங்குவது பெரிய முத்து. பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, ஆணித்தாரி, வடிவு, குறுவல் என்று தரம் பிரித்து, மஞ்சாடி எடையில் நிறுத்து, செவ்வுக் கணக்குப் போட்டு விலை சொல்வார்கள். கடைசியில் மிஞ்சுவது தூள். அதுவும் வீணாகாது, மருந்துக்குப் போகும்.

1905 சலாபத்தில் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். அந்தக் காலத்து 25 லட்சம்! அந்த ஆசை சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக்கு ஒரு லண்டன் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குக் குத்தகை எழுதுவதைப் போலவே எழுதினார்கள். ஆனால் சிப்பி உயிருள்ளது. அதன் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து போய், பிடிப்புக் கிடைத்த இடத்தில் ஒட்டும். திருக்கை தின்னும், நட்சத்திரமீன் தின்னும், கச்சான் அடித்தால் மணல் மூடும். 1907-க்குப் பிறகு பார் வெறுமையானது. 1912-ல் கம்பெனி கடையைக் கட்டியது. 1925-ல் மறுபடி ஒரு சலாபம் நடந்தது. பழைய நாள் திரும்பவில்லை. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகச் சந்தைக்கு வந்துவிட்டது.

மன்னாரிலிருந்து தெற்கே அருவி ஆற்றைத் தாண்டினால் அரிப்பு. இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நார்த், சலாபத்தை மேற்பார்க்க வரும்போது தங்குவதற்காக 1801-லிருந்து 1804-க்குள் கட்டிய மாளிகை அங்கே மேட்டில் நிற்கிறது. கிரேக்கத் தூண்களோடு கட்டியதால் டோரிக் என்று பெயர். கடல் மேட்டைக் கீழிருந்து தின்றுகொண்டே வருகிறது. கடல் பக்கத்துச் சுவர் ஏற்கெனவே போய்விட்டது. செங்கலும் காரையும் ஒட்டியபடியே பாளம் பாளமாகக் கீழே அலையில் கிடக்கின்றன. மீதித் தூணொன்றைத் தொட்டுப் பார்த்தேன். காரை உதிர்ந்த இடத்தில் செங்கலை உப்பு அரித்து, விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது.

வலை காயப்போட்டுக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எங்க இருந்து வாறீங்கள் தம்பி?" என்று கேட்டார்.

"தூத்துக்குடிக்கு வடக்க, கீழவைப்பார் ஐயா."

"அப்ப முத்துக் குளிச்ச ஆக்கள்தான்" என்று சிரித்தார். "இது அல்லிராணிட கோட்டை" என்று கையைக் காட்டினார். ஆளுநரின் பெயர் அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அல்லிராணி கதை நமக்கும் தெரிந்ததுதானே.

தெற்கே, வில்பத்துக் காட்டின் எல்லையாக ஓடும் மோதரகம் ஆற்றுப் பக்கம் மறிச்சுக்கட்டி. 1990-ல் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் போருக்குப் பின் திரும்பி வந்து இந்தப் பகுதியில் வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் வாழும் ஊரைப் பாழூர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாழானது முத்து நகரம்தான். கடற்கரை மணலைக் காலால் ஒதுக்கினால் சிப்பி ஓடு தட்டுப்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஓடு; வெளிப்புறம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தாலும் உள்புறத்தைத் துடைத்தால் இன்னும் பளபளப்பு மிச்சமிருக்கிறது. ஆளுநரின் மாளிகைக்காவது அரைச் சுவர் நிற்கிறது. இருபதாயிரம் பேர் உழைத்த இடத்தில், எங்கள் தாத்தாமார் மூச்சடக்கிய கடலின் கரையில், அவர்கள் பெயருக்கு ஒரு கல்கூடக் கிடையாது. அது என் மனத்தை மிகவும் உறுத்தியது.

நம் கரையிலும் கதை வேறில்லை. தூத்துக்குடிப் பக்கம் 1955-லிருந்து 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் நடக்கவேயில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் க. அழகர்சாமியின் குழு, எங்கள் ஊருக்குத் தெற்கே வேப்பலோடையில் நடந்த ஆய்வில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. பெரிய சாதனை அது. ஆனால் பாரில் சிப்பி பழையபடி பெருகவில்லை. அழிவு முத்தோடு நிற்கவுமில்லை: சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவையும் காரியச்சல்லியையும் காப்பாற்ற இப்போது கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்குகிறார்கள். உயிருள்ள கடலைச் சுரங்கமாக நடத்தினால் என்ன மிஞ்சும் என்பதற்கு மறிச்சுக்கட்டியும் விலங்குசல்லியும் போதும். வங்காளத்து வளையலுக்காக இன்றும் நம் பையன்கள் சங்கு குளிக்கிறார்கள். அதற்கும் அளவும் ஓய்வும் வேண்டும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ராஸ் அல் கைமா பக்கம் ஜசீரா அல் ஹம்ரா என்ற பழைய முத்துக்குளி ஊர் இருக்கிறது. மக்கள் விட்டுப்போன அந்த வீடுகளை அந்த அரசு பழுதுபார்த்துப் பாதுகாக்கிறது. கத்தாரின் பழைய முத்து ஊரான அல் ஜுபாரா 2013-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஓலை நகரத்தை நம்மால் அப்படிக் காக்க முடியாது. ஆனால் 1961-ல் தூத்துக்குடிப் பாரில் கடைசியாக இறங்கியவர்கள் சிலர் எண்பது வயதைத் தாண்டி வேம்பாறு முதல் மணப்பாடு வரை இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாருக்குக் கரையில் எது அடையாளம், எந்தக் காற்றில் எந்த நீரோட்டம், கயிற்றை எப்படி ஆட்டினால் என்ன சேதி என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்த மாதமே பக்கத்தில் உட்கார்ந்து பேச வையுங்கள். பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, பெயரையும் ஊரையும் எழுதி, ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.