கரிசல் வழியில் ஊரும் பண்டமும்

மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். வழியில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. மேற்கே விலகினால் ஸ்ரீவில்லிபுத்தூர். கிழக்கே திரும்பினால் தூத்துக்குடி. எல்லாம் சில மணி நேரத்தில் சுற்றிவரக்கூடிய ஊர்கள். ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பண்டத்தால் அறியப்படுகிறது. அந்தந்த ஊரின் மண், நீர், வணிகம் மூன்றையும் பார்த்தால் அந்தப் பண்டம் அங்கே ஏன் நிலைத்தது என்பது விளங்கும்.

விருதுநகர் விளைச்சலைவிட வியாபாரத்தால் வளர்ந்த ஊர். பருப்பு, மிளகாய் வத்தல், எண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் சந்தை நிலவரம் நாளிதழ்களில் தனியாக அச்சாகும் அளவுக்கு அதன் வணிகம் பெயர்பெற்றது. எண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன ஊரில் பரோட்டாவும் எண்ணெயில் மிதக்கிறது. கல்லில் சுட்டெடுக்கும் பரோட்டாவைப் போலன்றி, இங்கே நிறைய எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து, பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றித் தருகிறார்கள். கடைகள் களைகட்டுவது பொழுது சாய்ந்த பிறகுதான்.

வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூருக்குக் காராச்சேவும் வெள்ளரிக்காயும் அடையாளம். காராச்சேவில் கடலைமாவு, மிளகாய், பூண்டு தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. அதன் உறைப்பு சுற்றுவட்டாரத்து வத்தலின் உறைப்பு. ஈரம் இல்லாததால் பல நாள் கெடாது. பயணிகளின் பையில் இடம்பிடிக்க அதுவே காரணம்.

அடுத்தது கோவில்பட்டி. தீப்பெட்டித் தொழிலும் ஹாக்கியும் ஊன்றிய ஊர். பக்கத்து இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த கிராமம். வானம் பார்த்த பூமியான இங்கே கிணற்றுப் பாசனம் குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் மானாவாரி வெள்ளாமை. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலைமிட்டாய் இந்த மண்ணுக்குப் பொருந்திய இனிப்பு. பாலும் நெய்யும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம். வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலையை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பித் தேய்த்து, சூடு ஆறுமுன் வில்லைகளாக வெட்டுவார்கள். பாகு பதம் தவறினால் மிட்டாய் பிசுபிசுக்கும் அல்லது பல்லைப் பதம்பார்க்கும். கைப்பழக்கம்தான் இதில் முதல். மேலே தூவும் வண்ணத் தேங்காய்த்துருவல் கோவில்பட்டி மிட்டாயின் தனி அடையாளம். 2020-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். கரிசலின் வறட்சி குறைந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடம் என்பதால் அங்கே கறவை மாடுகள் மிகுதி. பாலை அகன்ற சட்டியில் சர்க்கரையோடு விடாமல் கிளறிச் சுண்டவைத்தால் பால்கோவா. பால் அன்றன்றைக்குக் கறந்ததாக இருக்க வேண்டும் என்பதால் பால் கிடைக்கும் ஊரிலேயே இத்தொழில் வேரூன்றியது. ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்கள் கூட்டமாக வாங்கிச்சென்றதும் அதன் பெயரைப் பரப்பியது. 2019-இல் இதுவும் புவிசார் குறியீடு பெற்றது.

திருநெல்வேலியில் நிலக்காட்சியே மாறுகிறது. தாமிரபரணி பாயும் நெல்வயல் நாடு இது. ஆனால் அதன் புகழ்பெற்ற அல்வா நெல்லில் செய்வதல்ல. கோதுமை வெளியூர்ச் சரக்கு, செய்முறையும் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களோடு வந்தது. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பது உள்ளூர் மக்களின் உறுதியான நம்பிக்கை. வாங்கும் முறையிலும் நெல்லைத்தனம் உண்டு: கடை வாசலிலேயே சூடாக ஒரு துண்டு வாழையிலையில் வாங்கித் தின்று, திகட்டாமலிருக்கக் கொஞ்சம் காரம் கொறித்து, அதன்பிறகு வீட்டுக்கு அரைக்கிலோ கட்டச் சொல்வார்கள்.

தூத்துக்குடியின் மக்ரூன் கடல்வழி வந்தது. முத்துக்குளித்துறையாக இருந்த இந்த ஊரைப் போர்ச்சுகீசியரும் பின்னர் டச்சுக்காரரும் ஆண்டனர். ஐரோப்பாவில் பாதாம் சேர்க்கும் பண்டத்தில், இங்கே முந்திரி இடம்பிடித்தது. முந்திரியும் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரத்தின் விளைச்சல்தான். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப்பொடியும் கலந்து, கூம்பாகப் பிழிந்து மிதமான சூட்டில் வாட்டுகிறார்கள். வாயில் வைத்ததும் கரையும் இது ஈரக்காற்று பட்டால் நமுத்துவிடும் என்பதால் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

ஆக, காராச்சேவும் கடலைமிட்டாயும் பால்கோவாவும் சுற்றியுள்ள நிலத்தின் விளைச்சலில் பிறந்தவை. அல்வாவும் மக்ரூனும் வந்தேறிய கைத்திறனை ஊர் தனதாக்கிக்கொண்டதால் பிறந்தவை. இரண்டு வகைக்கும் பெயர் வாங்கித்தந்தது ரயிலும் பேருந்தும். இன்று நான்குவழிச் சாலை ஊர்களுக்குள் நுழையாமல் புறவழியாகப் போகிறது. சாலையோரக் கடைகள் எல்லா ஊர்ப் பண்டங்களையும் ஒரே அலமாரியில் அடுக்கி விற்கின்றன. அங்கே பண்டம் கிடைக்கும். ஆனால் அடுப்புச் சூடு ஆறாத அல்வாவுக்கும், அன்று கிளறிய பால்கோவாவுக்கும் ஊருக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.