புதிய புரோகிராம் பழைய கம்ப்யூட்டரில் ஓடாதது ஏன்?

மாதக் கடைசி. ஊருக்குப் பணம் அனுப்பும் நாள் நெருங்குகிறது. சம்பளப் பட்டியல் போட ஆபீசுக்கு வந்த புதிய புரோகிராமோ ஓட மறுக்கிறது. எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஓடியது, குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. "உமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை" என்று பழி குமாஸ்தாவின் தலையில் விழுகிறது. குற்றம் அவருடையதுதானா?

2012-ல் நடந்ததைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

அந்த ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் 'விஷுவல் ஸ்டுடியோ 2012'-ஐ வெளியிட்டது. மனிதர் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் 'கம்பைலர்' அதில் அடக்கம். அதைக் கொண்டு சி பிளஸ் பிளஸ் மொழியில் தயாரித்த புரோகிராம்கள் விண்டோஸ் 7-ல் ஓடின. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலோ, "இது செல்லத்தக்க வின்32 புரோகிராம் அல்ல" என்ற அறிவிப்புதான் வந்தது. அப்போது ஏராளமான ஆபீசுகளில் இருந்தது எக்ஸ்பிதான்!

காரணங்கள் இரண்டு. தனக்கு வேண்டிய விண்டோஸின் குறைந்தபட்ச எண் ஒவ்வொரு புரோகிராமின் தொடக்கத்திலும் பதிக்கப்படுகிறது. புதிய கம்பைலர் பதித்தது 6.0. எக்ஸ்பியின் எண் 5.1. "எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் மட்டும்" என்ற விளம்பரத்தைக் கண்டு எட்டாம் வகுப்போடு நின்றவர் ஒதுங்குவது போல, எக்ஸ்பியும் ஒதுங்கிக்கொண்டது.

எண்ணை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திறக்கவும், நேரம் அறியவும் விண்டோஸின் உதவியைக் கேட்கும். எக்ஸ்பிக்குப் பின்னால் வந்த வசதிகள் சிலவற்றை இந்தப் புரோகிராம்கள் கேட்டன. எக்ஸ்பியிடம் அவை இல்லை.

வாடிக்கையாளர்கள் வற்புறுத்தவே, 2012 நவம்பரில் வெளியான திருத்தத்தில் எக்ஸ்பிக்கும் தயாரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. விதி மட்டும் மாறவில்லை. பழையதற்குத் தயாரித்தது பெரும்பாலும் புதியதில் ஓடும். புதியதற்குத் தயாரித்தது பழையதில் ஓடும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே, புதிய புரோகிராம் வரும்போது குமாஸ்தா கூச்சப்படாமல் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பழைய பதிப்பு வரை இது ஓடும்? அந்தப் பதிப்பிலேயே ஓட்டிப் பார்த்தீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு மாதச் சம்பளம் சரியாக வரும்வரை பழைய புரோகிராமை அழிக்கவும் கூடாது.

சம்பள நாளில் கையைப் பிசைவதைவிட, வாங்கும் நாளில் வாயைத் திறப்பது மேல்.