மழை ஓய்ந்த வாரத்தில் சம்பா விவசாயி மறக்கக் கூடாதவை

ஐப்பசிக் கடைசியில் நாலைந்து நாள் வானம் வெளுத்துவிட்டால், 'இனி மழை இல்லை' என்ற பேச்சு ஊரில் கிளம்பிவிடும். காலையில் லேசான பனி, பகலில் இதமான வெயில். சம்பா வயலில் களையெடுப்பும் மேலுரமிடலும் மும்முரமாகும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்காலம் டிசம்பர் வரை நீள்கிறது. வங்கக் கடலில் புதிதாக ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் சில நாட்களிலேயே நிலைமை தலைகீழாகும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆபத்து அத்துடன் முடியவில்லை. கடலுக்கு வெகுதொலைவில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது.

அறிக்கையைப் படிக்கும் முறை

வானிலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் மழை' என்றிருந்தால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள்தான் மழை எதிர்பார்க்கப்படுகிறது. 'ஒருசில இடங்கள்' என்றால் பாதி வரை. 'கனமழை' என்பது ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ.; 'மிக கனமழை' 12 முதல் 20 செ.மீ.; அதற்கும் மேல் 'அதி கனமழை'. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரஞ்சு வந்தால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு வந்தால் உடனே செயல்பட வேண்டும்.

ஏழு நாள் கணிப்பில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உள்ள உறுதி கடைசி நாட்களுக்குக் கிடையாது. அதனால் திங்கட்கிழமை பார்த்ததோடு விட்டுவிடாமல் தினமும் பார்க்க வேண்டும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையில் எப்போது உரமிடலாம், எப்போது மருந்தடிப்பதைத் தள்ளிப்போடலாம் என்பதும் இருக்கும். 'மேக்தூத்' செயலியில் இதைத் தமிழிலேயே படிக்கலாம்.

வெயில் நாளில் முடிக்க வேண்டிய வேலை

வடிகால் வாய்க்காலைத் தூர்வாரி வைப்பது ஒன்று. பயிர்க் காப்பீட்டுப் பதிவு மற்றொன்று. சம்பா நெல்லுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டுகளில் இது நீட்டிக்கப்பட்டதுண்டு. அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. விவசாயி செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. குத்தகை விவசாயியும் பதியலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு பொதுச் சேவை மையத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போனால் போதும். ரசீதைக் கையில் வாங்கியதும் புல எண், பரப்பு, கிராமத்தின் பெயர், வங்கிக் கணக்கு எண் நான்கையும் அங்கேயே சரிபார்க்க வேண்டும். ஓர் எண் மாறினாலும் இழப்பீடு கைக்கு வராமல் போகலாம்.

பாதிப்பு வந்தபின்

அறுத்துக் காயப்போட்ட கதிர், அறுவடையான 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்து வீணானால் காப்பீடு செய்தவர் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணில் தெரிவிக்க வேண்டும். வெள்ள அபாயத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில எண் 1070.

அரசின் நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றை இழப்பதில்லை. நிவாரணத்துக்குப் பயிர்ச்சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃபெஞ்சலின்போது நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பில் வயல் விடுபட்டால் தேதியிட்ட படங்களுடன் ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். காப்பீட்டு இழப்பீடு பொதுவாகக் கிராம அளவிலான பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி மகசூலை வைத்தே முடிவாகிறது. தொகை குறைவாகத் தோன்றினால் அந்தச் சோதனை விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை.